பள்ளிச் சிறார்க்குப் பாகுபாடு பயிற்றல்

உலகத்துப் பொருள்கள் எண்ணிறந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு, பெயரிட்டு, நினைவில் வைத்துக்கோடல் மக்கட்கு இயலாத செயலாகும். ஆதலின், ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்தும் ஒவ்வாதவற்றை வேறு பிரித்தும் அறிதலை மக்கள் தொன்றுதொட்டே மேற்கொண்டனர். இதனையே பாகுபாடு என்றும் வகைப்படுத்துதல் என்றும் கூறுகின்றோம். உயிர்நூலில் இது தனியொரு துறையாக வளர்ந்து, பள்ளிச் சிறார்க்கும் பாடமாக வைக்கப்பட்டுள்ளது. அப்பாடத்தை எங்ஙனம் பயிற்றல் வேண்டும் என்பதனை, நம் தஞ்சை நாட்டு வயல்களையும் தமிழ்நூல் வழக்கையும் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம். நம் கல்லூரி மாணாக்கருட் பலர் நாளை ஆசிரியராய்ச் செல்லவிருப்பவராதலின், இவ்வாராய்ச்சி வீண்போகாதென்பது எம் துணிபு.

இக்காலப் பயிற்சியின் குறை

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்னும் ஏழு பெயர்களையும் பள்ளிச் சிறுவன் ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றான். நெல்லின் நூற்பெயர் யாதென வினவின், ‘ஒரைசா சடைவா’ எனத் தடையின்றி விடை கூறுகின்றான். அவனையே நோக்கி, “தம்பி, நெல்லும் கோரையும் ஓரினமோ, வேறினமோ? எதனால் அவ்வாறு கூறுகின்றாய்?” என வினவின், அவன் வாய் திறவான்.

அவன் தாயோ பள்ளி வாயிலை மிதித்திராதவளாக இருக்கலாம். எனினும், களையெடுக்கும் நாளில் முழங்கால் அளவு சேற்றில் நின்று, நெற்பயிர் இது, அதனைப்போல் நடிக்கும் புல் இது என விரலின் நுனியாலேயே பிரித்தெடுத்து எறிவாள். அவள் பிழை செய்யின் விளைச்சல் குறையும். மகன் பெயர்களைக் கற்றுக் காரணத்தைக் கல்லாதான். தாய் காரணத்தை அறிந்தும் அதற்குக் கல்வியென்னும் பெயர் கிடைக்கப்பெறாதாள். ஒரே கூரையின்கீழ் வாழும் இவ்விரண்டு அறிவும் ஒன்றையொன்று காணாமற் போவதே இப்பாடத்திற்கு நேர்ந்த பெருங்குறை. இதனை நீக்குதற்கு வழி, பெயரைப் பின்னும் காரணத்தை முன்னும் வைத்துப் பயிற்றலேயாகும்.

வயலினின்று தொடங்கும் பாடம்

சென்ற ஆண்டு சம்பா நடவு முடிந்தபின், யாம் தோழர் சிலருடன் வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஏழாம் வகுப்புச் சிறார்க்கு இப்பாடத்தை நடத்திப் பார்த்தோம். அதன் முறையை இங்கே கூறுதும்.

முதற்கண், வயலினின்றும் வரப்பினின்றும் பறித்த நெல், குதிரைவாலிப் புல், கோரை, ஆரைக்கீரை, கரிசலாங்கண்ணி ஆகியவற்றைச் சாக்கின்மேற் பரப்பி, “உங்கட்குத் தோன்றியவாறு பிரித்து வையுங்கள்” என்று மட்டும் கூறினோம். ஒரு குழுவினர் உண்பன, உண்ணாதன என இரு கூறாக்கினர். மற்றொரு குழுவினர் மாடு தின்பன, தின்னாதன என்றனர். மூன்றாங் குழுவினர் இலையின் வடிவை நோக்கி நீண்டன, அகன்றன என்றனர். இவற்றுள் எதனையும் பிழையென யாம் கூறவில்லை; “எதனால்?” என்னும் ஒரு வினாவையே ஒவ்வொரு குழுவினரிடத்தும் கேட்டோம். அடிப்படை மாறின் குவியலும் மாறும் என்னும் உண்மையை அவர்கள் தாமே கண்டுகொண்டனர். இப்பாடத்தின் முதற்படி இதுவே.

இரண்டாவதாக, அனைவர்க்கும் பொதுவாகிய அடிப்படையொன்றைத் தேடுமாறு செய்தோம். பயன் ஆளுக்கு ஆள் மாறும். செடியின் உறுப்போ யார் நோக்கினும் ஒன்றே. ஆகவே உறுப்பினை நோக்கி வினாக்களை அடுக்கினோம். இலை நீண்டு குறுகி, நரம்புகள் ஒன்றையொன்று தொடாது நெடுக ஓடுகின்றனவா? அன்றி அகன்று வலைபோற் பின்னிக் கிடக்கின்றனவா? நீண்டனவற்றின் தண்டினை இரு விரலிடை வைத்து உருட்டுக. உருண்டு செல்கின்றதா, மூன்று விளிம்பாகத் தடுக்கின்றதா? நம் வயற் கோரைகளிற் பெரும்பாலன முப்பட்டைத் தண்டின. கணுவின்றி உள்ளீடு நிறைந்தன. புல்லினத்துத் தண்டோ உருண்டு, கணு உடையதாய், கணுவிடையிற் பெரும்பாலும் உட்டுளையும் உடையதாய் இருக்கும். புல்லின் இலைகள் இரு வரிசையிலும் கோரையின் இலைகள் மூன்று வரிசையிலும் அமைந்திருத்தலையும் மேலிருந்து நோக்கின் காணலாம்.

இனி எஞ்சியவை நெல்லும் குதிரைவாலிப் புல்லுமே. இளம்பருவத்தில் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றிருக்கும். இலையானது தாளைத் தழுவி நின்று பின் விலகிச் செல்லும் இடத்தை விரித்து நோக்குக. நெல்லாயின் அங்கே வெள்ளிய மெல்லிய சவ்வாலாகிய நாக்குப்போன்ற ஓர் உறுப்பும், இருபுறமும் மயிருடன் வளைந்த சிறு காதுகளும் காணப்படும். குதிரைவாலிப் புல்லில் நாக்குமில்லை, காதுமில்லை; அவ்விடம் வெறுமையாக வழுவழுப்பாயிருக்கும். இதனைக் கண்டவுடன் பின்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி, “எங்கள் ஆத்தா இந்த இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்க்கும்” என்றாள். அதுகாறும் வாய் திறவாதிருந்த அவள், அதன்பின் அவ்வகுப்பிற்கே ஆசிரியையாயினாள். நாற்றங்காலிலேயே இப்புல்லைப் பிரித்தெறியாவிடின், அது நாற்றோடு நாற்றாக முடியிற் சேர்ந்து நடவு வயலையும் அடையும் என்று அவள் கூறிய விளக்கத்தினும் சிறந்ததொன்றை யாம் கூறியிருத்தல் அரிது.

களை என்பது ஓர் இனமா?

உறுப்பினை நோக்கிய பாகுபாடு ஒன்று. பயனை நோக்கிய பாகுபாடு மற்றொன்று. இவ்விரண்டும் வேறென்பதைச் சிறார்க்குத் தெளிவுறுத்தல் மூன்றாம் படியாகும். இதற்குக் ‘களை’ என்னும் சொல்லே போதிய சான்று. நெல் வயலிற் களையெனப் பறித்தெறியும் குதிரைவாலிப் புல்லின் நெருங்கிய உறவே, புன்செய் நிலத்திற் குதிரைவாலித் தானியமாகப் பயிரிடப்படுகின்றது. ஓரிடத்துப் பகை பிறிதோரிடத்து உணவாயிற்று. ஆகவே, களை என்பது செடியின் இயல்பன்று. அது நின்ற இடமும் நம் கருத்தும் பற்றி வந்த பெயராகும்.

களைகளைப் புல்வகை, கோரைவகை, அகன்ற இலைவகை என மூன்றாகப் பிரிப்பர் வேளாண்மை நூலார். நான்கு சிற்றிலை கொண்டு நீர்மேல் மிதக்கும் ஆரைக்கீரையை அவர் அகன்ற இலைவகையில் வைப்பர். களை நீக்கும் தொழிலுக்கு அது பொருத்தமே. ஆயின் ஆரைக்கீரை பூப்பதில்லை, விதை தருவதுமில்லை. அடித்தண்டருகே பயற்றங்கொட்டை போன்ற சிறு கடிய உறுப்புகளிற் சிதல்விதை எனப்படும் நுண்டூள்களை வைத்து இனம் பெருக்குவது. ஆகவே நிலைத்திணை நூலார் அதனைப் பெரணிகளோடு சேர்ப்பர். ஒரு செடி, இரண்டு நூல், இரண்டு இடம். இரண்டும் தத்தம் நோக்கிற் சரியே.

நெல்லின் வகைகளிலும் இதனைக் காட்டலாம். குறுவை, சம்பா, தாளடி எனும் பிரிவு பருவமும் நீர்வரவும் பற்றி எழுந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், சூன் 12 அன்று அணை திறத்தலை வழக்கமாகக் கொண்டு நம் உழவர் குறுவையைக் கணக்கிடுவாராயினர். 1922-இல் ஆடுதுறையில் தொடங்கிய நெல்லாராய்ச்சி நிலையம், தான் உருவாக்கிய நெல்லுக்கு ஊர்ப்பெயரும் எண்ணும் இட்டு வழங்குகின்றது. பூங்கார், சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா எனப் பழைய பெயர்களும் பல. இவையனைத்தும் நிறத்தாலும் மணத்தாலும் வயதாலும் வேறுபடினும், உயிர்நூலார் கருத்தில் ஒரே சிற்றினமே. இங்கே ஆசிரியர் விழிப்பாயிருத்தல் வேண்டும். உழவர் ‘நெல்லினம்’ என்று கூறும்போது ரகத்தைக் குறிக்கின்றனர். பாடநூலோ இனம் என்னும் சொல்லை வேறு பொருளில் ஆளுகின்றது. சொல் ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் இருத்தலைக் கூறாவிடின் சிறார் மயங்குவர்.

தரங்கம்பாடியும் லின்னேயசும்

உறுப்பினை நோக்குதலிலும் ஓர் இடர் உண்டு. அதனை அறிதற்கு, இக்காலப் பெயரிடும் முறைக்கு வித்திட்ட சுவீடன் நாட்டறிஞர் கார்ல் லின்னேயசின் வரலாற்றை நோக்குவாம். அவர்க்கும் நம் காவிரி நாட்டிற்கும் தொடர்புண்டு. அவர் மாணாக்கராகிய யோகான் கெர்காட் கூனிக் என்னும் மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடி வந்து, 1785-இல் இறக்கும்வரை இந்நாட்டுச் செடிகொடிகளைத் திரட்டி ஆராய்ந்தார். நாள்தோறும் நாம் குழம்பிற் கிள்ளியிடும் கறிவேப்பிலையின் நூற்பெயர் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவர் மூட்டிய ஆர்வம் தரங்கம்பாடிக் குருமாரிடத்தும் பரவிற்று. 1771-இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் யோன் பள்ளிப் பணியையும் இயற்கைப் பொருளாராய்ச்சியையும் ஒருசேர மேற்கொண்டவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இளமையில் அவரிடத்துக் கல்வி பயின்றவரே. தலையும் வாலும் ஒன்றுபோற் காணப்படுதலால் ‘இருதலைப் பாம்பு’ என மக்கள் மயங்கிக் கூறும் மண்ணுளிப் பாம்பின் நூற்பெயர் யோனின் பெயரால் அமைந்தது. 1776-இல் வந்த யோகான் பேட்டர் ராட்லர் செடியாராய்ச்சியிற் புகழ்பெற்றதோடு, தமிழ்–ஆங்கில அகராதியொன்றையும் தொகுத்தார். அதன் முதற்பகுதி 1834-இல் வெளிவந்தது. 1836-இல் அவர் மறைந்தபின் 1841-இல் நூல் நிறைவுற்றது. செடியை வகைப்படுத்திய கையே சொல்லையும் வகைப்படுத்தியமை தமிழ் மாணாக்கராகிய எமக்கு இன்பந்தரும் செய்தியாகும்.

நிற்க. லின்னேயசு பூக்கும் செடிகளைப் பெரும்பாலும் பூவிலுள்ள மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை கொண்டு வகுத்தார். எண்ணத் தெரிந்த எவரும் கையாளத்தக்க எளிய முறையது. ஆயின் 1753-இல் வெளிவந்த அவரது பெருநூலில் நெல்லுக்கு நேர்ந்தது யாது? புற்களிற் பெரும்பாலன மூன்று மகரந்தத் தாள்கள் உடையன, நெற்பூவுக்கோ ஆறு. ஆகவே, புற்களிற் பெரும்பாலன மூன்றாம் வகுப்பிற் சேர, நெல் தன் சுற்றத்தை விட்டு நீங்கி, வெங்காயமும் அல்லியை ஒத்த லில்லி மலரும் இருக்கும் ஆறாம் வகுப்பைச் சென்றடைந்தது!

இதனை நம் சிறார் தம் கண்ணாலேயே காணலாம். கதிர் வெளிவந்த சில நாட்களில், முற்பகல் ஒன்பது பத்து மணியளவில் வயற்கரையில் நிற்பின், உமியிரண்டும் விரிந்து ஆறு சிறு தூள்பைகள் வெளியே தொங்குதலைக் காண்பர். அருகிலுள்ள குதிரைவாலிப் புல்லின் பூவில் மூன்றே காண்பர். “எண்ணிக்கை வேறு; ஆகவே இனமும் வேறோ?” என வினவுக. தண்டு, கணு, இலை, உமி, மணி அனைத்தும் புல்லென்றே கூறுகின்றன, எண்ணிக்கையொன்றே மறுக்கின்றது. ஒரு குறியை மட்டும் கொண்டு முடிபு கூறலாகாது. பல குறிகளையும் ஒருங்குவைத்து எடைபோடல் வேண்டும் என்பதைச் சிறார் அப்போது உணர்வர். 1789-இல் பிரெஞ்சு அறிஞர் ஜுசியே பல உறுப்புகளையும் சீர்தூக்கி இயற்கைக் குடும்பங்களை வகுத்தது இம்முறையாலேயே. நெல்லும் தன் புற்குடும்பத்துள் மீண்டும் இடம்பெற்றது.

தொல்காப்பியர் கூறும் புல்லும் மரமும்

இனி நம் நூலை நோக்குவாம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவு பற்றி ஆறாக வகுத்தார். ஊறு என்னும் ஓரறிவு உடையன புல்லும் மரமும்; நத்தை போல்வன ஈரறிவின; எறும்பு போல்வன மூவறிவின; நண்டும் தும்பியும் நாலறிவின; விலங்கு ஐயறிவின; மனத்தோடு ஆறறிவு உடையோர் மக்கள் என்பது அவர் கூற்றின் சுருக்கம். ஒரே அடிப்படையைத் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாது கைக்கொண்டமை இப்பகுப்பின் சிறப்பு.

அவ்வியலிலேயே புல்லையும் மரத்தையும் பிரித்துரைக்கின்றார். வயிரம் வெளியே உடையது புல். உள்ளே உடையது மரம். இதனைச் சிறார்க்குக் காட்டற்கு ஒரு தென்னந்துண்டமும் ஒரு வேப்பந்துண்டமும் போதும். தென்னையின் புறம் கடிது, உள் மெலிது. வேம்பின் புறம் மெலிது, உள் கடிது. இவ்வாறு நோக்கின் வானளாவிய தென்னையும் பனையும் மூங்கிலும் நம் நெல்லோடு ஒருபுடை சேரும். உறுப்புப் பெயர்களையும் அவர் அவ்வாறே பிரித்துரைத்தார்: ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்பன புல்லுக்குரியன. இன்றும் நாம் தென்னோலை என்போம், தென்னையிலை என்னோம்.

விதையிலை ஒன்றுடையன, இரண்டுடையன என்னும் ஐரோப்பியர் பகுப்பும் ஏறத்தாழ இவ்வாறே செல்கின்றது. இதனால் தொல்காப்பியர் விதையிலையை எண்ணினார் எனல் மிகை. அவர் கொண்ட அடிப்படை வேறு. சென்று சேர்ந்த இடமே ஏறத்தாழ ஒன்று. ஆதலின் பெருமை பேசுதலை விடுத்து, விதியைச் சோதித்துப் பார்க்குமாறு சிறாரைத் தூண்டுதல் வேண்டும். எம் வகுப்பில் ஒரு சிறுவன், “வாழைக்கு வயிரம் வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லையே! குலை என்கிறோம், ஆனால் ஓலை என்னாமல் இலை என்கிறோமே?” என்றான். விதிக்கு அடங்காததைத் தேடிக் கொணர்ந்த அச்சிறுவனே அன்று பாடத்தை முற்றும் உணர்ந்தவன். பாகுபாட்டிற்கு உரைகல் எளிதில் அடங்குவதன்று, அடங்க மறுப்பதேயாகும்.

ஆற்றுப் பிரிவும் இனப் பிரிவும்

ஏழு படிகளும் ஒன்றினுள் ஒன்றாக அடங்குதலை விளக்குதற்குக் காவிரியினும் சிறந்த உவமை நம்மவர்க்கு இல்லை. கல்லணையிற் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நீர் பிரிகின்றது. மிகுவெள்ளம் கொள்ளிடம் செல்கின்றது. வெண்ணாறு நீடாமங்கலத்தருகே கோரையாறும் பாமணியாறுமாகக் கிளைக்கின்றது. ஒவ்வொரு கிளையினின்றும் வாய்க்கால், வாய்க்காலினின்றும் மடை, மடையினின்றும் வயல். இவ்வயலுக்கு நீர் எங்கிருந்து வந்ததென வினவின், மடை, வாய்க்கால், கிளையாறு, ஆறு என ஒரே வழியாக மேலேறிக் கல்லணையை அடையலாம். சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை என மேலேறுதலும் அத்தன்மைத்தே.

இவ்வுவமை வேறொன்றையும் உணர்த்தும். 1859-இல் சார்லசு டார்வின் தம் நூலில், உயிர்களின் இயற்கைப் பாகுபாடு என்பது அவற்றின் வழித்தோன்றல் வரலாறே என விளக்கினார். ஒத்த கிளைகள் ஒத்திருத்தற்குக் காரணம், அவை ஒரு தலைப்பினின்று பிரிந்தமையே. இந்நாளில் உயிரணுவிலுள்ள மரபுப் பொருளைப் படித்தே அத்தலைப்பைத் தேடுகின்றனர். நெல்லின் மரபுத்தொடர் முழுவதும் 2005-இல் வெளியிடப்பட்டது. இவ்வாராய்ச்சியால், ஒருவித்திலைச் செடிகள் ஒரே கிளையென உறுதிப்பட, இருவித்திலை எனப்பட்ட பெருங்கூட்டம் முழுவதும் ஒரே கிளையன்று எனத் தெரிந்தது. ஆகவே பாகுபாடு முடிந்துபோன பட்டியலன்று. சான்று வருந்தோறும் திருந்துவது. உவமைக்கு எல்லையுண்டென்பதையும் கூறுக: நம் நாட்டிற் பிரிந்த நீர் வடிகாலாய் மீண்டும் கூடும், பிரிந்த இனங்கள் பெரும்பாலும் அங்ஙனம் கூடுவதில்லை.

மக்களைப் பாகுபடுத்தல்

இறுதியாக ஒன்று கூறி அமைவாம். பிரித்தறிதல் வேறு, உயர்வு தாழ்வு கற்பித்தல் வேறு. நெல்லை எண்ணிக்கையொன்றால் இடம் மாற்றிய லின்னேயசு, மக்களையும் நிலமும் நிறமும் பற்றி நால்வகையாக்கி, 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வவர்க்குக் குணமும் கற்பித்தெழுதினார். தோலின் நிறத்தினின்று உள்ளத்தின் இயல்பை அளந்த அப்பகுப்பை இற்றை அறிவியல் தள்ளிவிட்டது. உலகிலுள்ள மாந்தர் அனைவரும் ஒரே சிற்றினத்தவர். நம் நாட்டிற் பிறப்புப் பற்றி மக்களை மேலென்றும் கீழென்றும் பிரித்து, தெருவையும் கிணற்றையும் பள்ளிப் பலகையையும் வேறாக்கிய வழக்கிற்கு உயிர்நூலில் யாதோர் இடமுமில்லை. பாகுபாடு பயிற்றும் ஆசிரியர் இதனைக் கூறாது பாடத்தை முடிப்பாராயின், அவர் பாடம் குறையுடையதே.

ஆசிரியர் தம்மையும் வினவிக்கொள்ளல் வேண்டும். தேர்வில் வந்த எண்ணொன்றைக் கொண்டு, இவன் கெட்டிக்காரன், இவன் மந்தன் எனச் சிறாரைப் பிரித்து முன்வரிசை பின்வரிசையாக அமர்த்துதலும் மகரந்தத் தாள் எண்ணிய கதையே. நாற்றின் நாக்கையும் காதையும் அறிந்த சிறுமி பின்வரிசையில் வாய் திறவாதிருந்தமையை மறத்தலாகாது.

ஆதலின் எம் தோழர்காள்! நாளை நீவிர் காவிரி நாட்டுப் பள்ளியொன்றில் இப்பாடத்தைப் பயிற்றப் புகின், கரும்பலகையில் ஏழு பெயர்களை எழுதுமுன் சிறாரை வரப்பிற்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பிரிக்கட்டும், நீவிர் “எதனால்?” என்று வினவுங்கள். அவர்கள் கூறும் காரணம் பொருந்தாத செடியொன்றைத் தேடிக் கொடுங்கள். அதன்பின் பெயரைக் கூறுங்கள். காரணத்தோடு வந்த பெயர் நெஞ்சில் வேரூன்றும். காரணமின்றி வந்த பெயர் தேர்வு முடிந்த அன்றே உதிர்ந்துவிடும்.